சீகை மரம் ஒன்றா, இரண்டா?

கேமரன் மலையினின்று நீலகிரிக்குச் செல்லும் நம்மவர், ஆங்கும் தேயிலைச் சரிவுகளை ஒட்டி மஞ்சட்பூச் சூடிய சீகை மரங்களைக் காண்பர். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இம்மரங்கள் பெரும்பாலும் இருவகையின. இலை வெள்ளி பூத்தாற்போல் சாம்பல் நிறமும், பூ பளிச்சென்ற மஞ்சளுமாயின் அது வெள்ளி வாட்டில். இலை கரும்பச்சையும் பூ வெளிர்மஞ்சளுமாயின் கறுப்பு வாட்டில். தோல் பதனிடப் பெரிதும் பயன்படும் பட்டை இதனுடையதே.

பூவில்லாக் காலத்தில் இலையின் நடுக்காம்பை உற்று நோக்குக. சிறுகாம்புகள் பிரியுமிடங்களில் மட்டும் புள்ளி போன்ற சுரப்பிகள் இருப்பின் வெள்ளி. இடைவெளிகளிலும் தாறுமாறாக இருப்பின் கறுப்பு.

கோடரி எடுப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வெள்ளி வாட்டிலை வெட்டினால் வேர்களிலிருந்து கன்றுகள் கிளம்பும். ஒன்றை வீழ்த்திப் பத்தைப் பெற்ற கதைதான்! கறுப்பு வாட்டில் பெரும்பாலும் விதையாற் பரவுவது. அவ்விதை மண்ணிற் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்திற்குத் தீ வைத்தாலோ, சூடுபட்ட விதைகள் ஒருங்கே முளைத்துவிடும்.