காண்டாமிருக வண்டுக்கு வந்த மலாயா நோய்

மலேசியாவின் திகாம் பத்து, சுங்கை பட்டாணி வட்டாரத்தில் ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மறுநடவு செய்த இளங்கன்றின் ஓலை விரியும்போது, கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருந்தால் தோட்டத்துக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்: காண்டாமிருக வண்டு. இரவில் பறந்து வந்து, விரியாத குருத்துக்குள் துளைத்து இறங்கிச் சாற்றைக் குடிக்கும். வெட்டு நம் கண்ணில் படுவதற்குள் அது வேறு மரத்துக்குப் போயிருக்கும். துளை குருத்தின் அடிவரை இறங்கினால் கன்று பட்டுப்போகும்.

மருந்தடித்து ஒழிக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. வண்டு குருத்துக்குள் இருக்கிறது. அதன் புழுவோ மக்கிய மரத்தண்டுக்குள் இருக்கிறது.

இது ஆசியாவின் சொந்தப் பூச்சி. 1909-இல் இலங்கையிலிருந்து கப்பலேறிய ரப்பர் நாற்றுகளோடு சமோவாவில் போய் இறங்கியது. தென்னையை நம்பிப் பிழைத்த அந்தத் தீவில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆசியாவில் ஓரளவு அடங்கிக் கிடக்கும் வண்டு அங்கே ஏன் இப்படி ஆட்டம் போடுகிறது? சொந்த ஊரில் அதைப் பிடிக்கும் நோய் ஏதாவது இருக்குமோ?

அந்த நோயைத் தேடித்தான் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வுக்கூடத்திலிருந்து அலாய்ஸ் ஹூகர் என்ற பூச்சிநோய் ஆய்வாளர் வந்தார். 1963-இல் மலேசியாவில் அவர் சேகரித்த புழுக்களில் சில, உடல் பளபளத்து, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்குக் கண்ணாடிபோல் ஆகி, செத்துக்கொண்டிருந்தன. காரணம், அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ். 1966-இல் அவர் அதைப் பற்றி எழுதினார். ‘மலாயா நோய்’ என்று பெயர் வந்தது.

இந்த வைரஸ் வேலை செய்யும் விதம்தான் சுவையானது. புழுவைக் கொல்கிறது, வளர்ந்த வண்டை உடனே கொல்வதில்லை. வண்டின் குடலில் பெருகி, நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம் வரை எச்சத்தோடு வெளியேறுகிறது. நோய் கண்ட வண்டு சரியாகத் தின்னாது, முட்டையிடுவதும் குறையும். ஆனாலும் பறந்து திரியும். இணை சேரும் இடத்திலும் முட்டையிடும் குப்பையிலும் நோயை விட்டுச் செல்லும். மனிதரையோ ஆடுமாடுகளையோ இந்த வைரஸ் தொடுவதில்லை.

1967-இல் சமோவாவில் அதைப் பரவ விட்டார்கள். வண்டின் தொகை சரிந்தது. தென்னைகளில் புதுக்குருத்துகள் முழுதாக விரிந்தன. பிறகு பிஜி, டோங்கா என்று மற்றத் தீவுகளுக்கும் வைரஸ் போயிற்று. லட்சத்தீவுகளின் மினிக்காயில் இந்திய ஆய்வாளர்கள் 1983-இல் நோயேற்றிய வண்டுகளைப் பறக்கவிட்டார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

சரி, நோயின் தாய்வீட்டிலேயே வண்டு ஏன் இன்னும் தொல்லை தருகிறது? இதற்கு வைரஸைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்கும் பழக்கம் 1990-களில் நிறுத்தப்பட்டது. காற்று மாசு குறைய அது நல்ல முடிவுதான். ஆனால் வெட்டிச் சாய்த்த செம்பனைத் தண்டுகள் நிலத்திலேயே கிடந்து மக்குகின்றன. ஏக்கர் கணக்கில் புழுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டு, வண்டு வருகிறதே என்று புலம்புகிறோம்.

மலேசியச் செம்பனை வாரியத்தின் ரம்லி மொஸ்லிமும் அவருடன் பணியாற்றியவர்களும் இங்குள்ள வைரஸிலேயே பல வகைகள் இருப்பதைக் கண்டு, 2005-இல் வெளியிட்டார்கள். எல்லா வகைக்கும் ஒரே வீரியம் இல்லை. ஆகவே வீரியமான வகையைத் தேர்ந்து, வண்டுகளுக்கு ஊட்டிப் பறக்கவிடும் முறையைச் சோதித்தார்கள். பச்சை நிற வித்துகளை உண்டாக்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையையும் புழு இருக்கும் குப்பைகளில் தெளிக்கிறார்கள். ஆண் வண்டு விடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து வாளிப்பொறியில் தொங்கவிட்டால் வண்டுகள் தாமாக வந்து விழும்.

2007-இல் குவாம் தீவில் தலைகாட்டிய ஒரு வண்டு இனவகை, பழைய வைரஸுக்கு அசையவில்லை. அது பாப்புவா நியூகினி, ஹவாய், சாலமன் தீவுகள் வரை போய்விட்டது. அதற்கு ஏற்ற வைரஸ் வகையை ஆய்வாளர்கள் மறுபடி ஆசியாவில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள தோட்டங்களிலோ, தண்டுகளைத் துண்டு துண்டாகச் சீவிப் பரப்பி, மேலே கொடிப்பயிரைப் படரவிடும் வேலை நடக்கிறது. தண்டு சீக்கிரம் மக்கும். கொடி மூடிவிட்டால் முட்டையிட இடம் தேடும் வண்டு அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.