இருக்கிற பைலை "இல்லை" என்று சொல்லும் கம்ப்யூட்டர்!

பழைய புரோகிராமை மறுபடியும் ஓட வைப்பது எப்படி?

காசு கொடுத்து வாங்கிய புரோகிராம். 20 ஆண்டுகளுக்கு முன்பு நன்றாக ஓடியது. அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் புதிய கம்ப்யூட்டரில் போட்டால் ஓட மறுக்கிறது!

"லைப்ரரியைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு பைல் இல்லை" என்று திரையில் ஒரு வரி வருகிறது. அதோடு சரி.

"லினக்ஸ்" கம்ப்யூட்டர்களில் அடிக்கடி வரும் தகராறு இது.

லினக்ஸ் 1991-ல் பிறந்தது. பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. இன்று உலகம் முழுவதும் அது ஓடுகிறது.

பழைய புரோகிராம் நின்று போனால், நஷ்டம் அதோடு போவது இல்லை. அதில் எழுதிய கணக்கு, வரைந்த படம், ஆராய்ச்சிக் குறிப்பு எல்லாம் சாவி தொலைந்த பெட்டியாக ஆகிவிடும்.

ஊருக்குப் பொதுவான அண்டா

"லைப்ரரி" என்றால் புத்தகசாலை அல்ல. பல புரோகிராம்களுக்குப் பொதுவான வேலைகளைச் செய்து கொடுக்கும் பைல்.

கல்யாணச் சமையலுக்கு அண்டா வேண்டும். அதற்காக வீட்டுக்கு ஒரு அண்டா வாங்குவது உண்டா? கிடையாது. ஊருக்குப் பொதுவாக இருக்கும். வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள்.

படம் காட்டுவது, ஒலி எழுப்புவது, ரகசியமாகச் செய்தி அனுப்புவது போன்ற வேலைகளுக்கும் அப்படித்தான். ஒரே லைப்ரரியைப் பல புரோகிராம்கள் பயன்படுத்தும். இதனால் இடம் மிச்சம். ஓட்டை இருந்தால் ஓர் இடத்தில் அடைத்தால் போதும்.

ஒவ்வொரு லைப்ரரியின் பெயரிலும் ஒரு எண் இருக்கும். பழைய புரோகிராமுக்குப் பொருந்தாதபடி லைப்ரரியை மாற்றினால், எண்ணையும் மாற்றுவார்கள். பழைய எண்ணை நாளடைவில் எடுத்துவிடுவார்கள்.

புரோகிராமோ பழைய எண்ணையே கேட்கும். கிடைக்காவிட்டால் நின்றுவிடும்!

கம்பெனி போயிற்று, பெட்டி இருக்கிறது

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், "லோக்கி" என்று ஒரு கம்பெனி இருந்தது. 1998-ல் தொடங்கினார்கள். பிரபலமான கம்ப்யூட்டர் விளையாட்டுகளை லினக்சில் ஓடும்படி மாற்றி, பெட்டியில் போட்டு விற்றார்கள். 2002-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

பெட்டிகள் மட்டும் வாங்கியவர்கள் வீட்டில் இருக்கின்றன. எண் மாறியது என்றால் திருத்திக் கொடுக்கக் கம்பெனி இல்லை. மூல எழுத்து வெளியாகாத புரோகிராமை மற்றவர்கள் திருத்துவதும் சுலபம் அல்ல.

முதலில் நோயைக் கண்டுபிடி!

கோளாறு வந்ததும் கண்டதையும் இறக்கிப் போடக் கூடாது. எது குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு "எல்.டி.டி." என்று ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பின்னால் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால், தேவையான லைப்ரரிகளை வரிசையாகக் காட்டும். கிடைக்காததற்கு எதிரே "நாட் பவுண்ட்" என்று வரும். அதாவது, "காணோம்" என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை: முன்பின் தெரியாத புரோகிராமை இப்படிச் சோதிக்கக் கூடாது. சோதிக்கும்போதே அது ஓடிவிடக்கூடும்.

இருந்தும் இல்லை!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. புரோகிராம் கண் எதிரே இருக்கும். ஓட்டினால், "அப்படி ஒரு பைல் இல்லை" என்று வரும்!

காரணம் என்ன? பழைய புரோகிராம்கள் 32 பிட் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டவை. இப்போது உள்ளவை பெரும்பாலும் 64 பிட். 32 பிட் புரோகிராமைத் தூக்கி நிறுத்த, தனியாக ஒரு சின்ன பைல் வேண்டும். கம்ப்யூட்டர் "இல்லை" என்பது அந்தப் பைலைத்தான். புரோகிராமை அல்ல.

32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்துப் போட்டால், பல நேரங்களில் தகராறு தீர்ந்துவிடும்.

2019 ஜூன் மாதம், "உபுண்டு" என்ற லினக்சை வெளியிடுவோர், 32 பிட் லைப்ரரிகளை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். விளையாட்டுப் பிரியர்களிடம் இருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஒரே வாரத்தில் முடிவு மாறியது. தேவையான 32 பிட் லைப்ரரிகள் தொடரும் என்று அறிவித்தார்கள்.

செய்யக் கூடாதவை

புதிய லைப்ரரிக்குப் பழைய எண்ணைச் சூட்டி ஏமாற்றுவோர் உண்டு. புரோகிராம் ஓடுவது போலத் தோன்றும். நடுவில் விழுந்துவிடும். அல்லது தப்பான விடை கொடுக்கும். இரண்டாவது ஆபத்து பெரியது. தப்பு என்றே தெரியாது!

கம்ப்யூட்டரின் "சி" லைப்ரரியை எடுத்துவிட்டுப் பழையதை வைக்கவே கூடாது. ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

ரகசியச் செய்திக்கான லைப்ரரி "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." 2022-ல் வந்த உபுண்டுவில் அதன் 1.1 பதிப்பை எடுத்துவிட்டு, 3-ஐ வைத்தார்கள். பல புரோகிராம்கள் நின்றன. பழையதைத் தேடிப் போட்டவர்கள் பலர். ஆனால் 1.1.1 பதிப்புக்குப் பொதுவாகக் கொடுத்த பாதுகாப்புத் திருத்தம் 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதை வைத்திருப்பது, பூட்டு உடைந்த கதவை வைத்திருப்பது போலத்தான்.

வழி என்ன?

முதல் வழி: காணாமல் போன லைப்ரரி, அந்த லினக்சின் சொந்தக் கிடங்கிலேயே இருக்கிறதா என்று தேட வேண்டும். பெயர் மட்டும் மாறி இருக்கக்கூடும்.

இரண்டாவது வழி: பழைய லைப்ரரியைத் தனி இடத்தில் வைத்து, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் காட்ட வேண்டும். மற்றவை பழையபடி ஓடும். "டெபியன்" லினக்ஸ்காரர்கள் தங்கள் பழைய வெளியீடுகளை அழிக்காமல் காப்பாற்றி வைத்து இருக்கிறார்கள். முன்பின் தெரியாத இடத்தில் எடுப்பதைவிட அங்கே எடுப்பது நல்லது.

மூன்றாவது வழி: பழைய லினக்சையே முழுதாக ஒரு கூண்டுக்குள் போட்டு ஓட்டுவது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல! பழைய ஓட்டைகள் நிறைந்த புரோகிராம் என்றால், கூண்டுக்கு இன்டர்நெட் தொடர்பு கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

மொழிபெயர்ப்பாளர் வந்தார்

லோக்கி கம்பெனியில் வேலை பார்த்தவர் சாம் லாண்டிங்கா. விளையாட்டுகளுக்குப் படமும் ஒலியும் கொடுக்கும் "எஸ்.டி.எல்." என்ற லைப்ரரியை 1998-ல் உண்டாக்கியவர் அவர். அதன் 1.2 பதிப்பை நம்பி ஏராளமான விளையாட்டுகள் எழுதப்பட்டன. 2013-ல் 2.0 வந்தது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

லோக்கியில் வேலை பார்த்த இன்னொருவர் ரயன் கார்டன். அவரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு புதிய லைப்ரரி எழுதினார்கள். வெளியே பெயர் 1.2. உள்ளே வேலை செய்வது 2.0! பழைய விளையாட்டு கேட்பதைப் புதிய பாஷையில் மாற்றிச் சொல்கிறது.

இது பெயரை மட்டும் மாற்றும் ஏமாற்று வேலை அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் எழுதி வைத்து இருக்கிறார்கள்.

2021-ல் "பெடோரா 35" என்ற லினக்ஸ், பழைய 1.2-க்குப் பதிலாக இதையே வைத்துக்கொண்டது. கம்பெனி மூடிக் கிடந்தாலும், அந்தக் காலத்து விளையாட்டுகள் பல மறுபடியும் ஓடுகின்றன.