வாங்கிய மார்க் வீணாகலாமா? கல்லூரி விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை!

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதம், ஆரணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓய்வே இல்லாத மாதம். சொர்ணவாரி நெல்லில் களையும் மேலுரமும் ஒரு பக்கம். தறி உள்ள வீடுகளில் முகூர்த்தச் சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரம் மறுபக்கம். இந்த நெருக்கடியில் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை, 'பிரவுசிங் சென்டர் தம்பி பார்த்துக்குவார்' என்று ஒப்படைத்துவிடுகிறோம். பொறியியல் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. வேளாண்மை, அரசு கலைக் கல்லூரிகளுக்கும் இப்போது ஆன்லைன் விண்ணப்பம்தான். 12 ஆண்டுகள் படித்து வாங்கிய மார்க், அரை மணி நேரத் தட்டச்சில் அடங்கிவிடுகிறது. அங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை, தவிர்க்கக் கூடியவை.

செல்போன் எண் யாருடையது?

அவசரத்தில் கடைக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவது உண்டு. பிறகு ஓ.டி.பி., சான்றிதழ் குறைபாடு, இட ஒதுக்கீடு என எல்லாத் தகவலும் அவருக்கே போகும். கடை பூட்டியிருந்தால் கெடு தேதி போய்விடும். வீட்டில் எப்போதும் இயங்கும் எண்ணையே கொடுங்கள். கலந்தாய்வு முடியும்வரை சிம் கார்டை மாற்றாதீர்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். வேறு யாரிடமும் தர வேண்டாம்.

பெயரும் இன்ஷியலும்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர், எழுத்து, பிறந்த தேதியே அடிப்படை. அதில் இன்ஷியல் மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இந்த வேறுபாட்டைத் தேர்வுக்கு முன்பே சரிசெய்துவிடுவது நல்லது.

சான்றிதழை முன்பே வாங்குங்கள்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் எனப் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். மே, ஜூனில் ஜமாபந்தி வேலையும் சேர்ந்துகொள்ளும். எனவே தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.

குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் முதல் பட்டதாரி சலுகை. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடைக்காது.

ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது, தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இதற்கான 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் விட்டுவிடும் விவசாயக் குடும்பங்கள் உண்டு.

7.5 சதவிகித ஒதுக்கீடு

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளில் 2021 முதலும் இந்த ஒதுக்கீடு உள்ளது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்து 'ஆம்' என்று போட்டால், சரிபார்ப்பில் நின்றுவிடும். தகுதி இருந்தும் போடாமல் விட்டாலோ, இலவசமாகப் படிக்கும் வாய்ப்பே போய்விடும். எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

கல்லூரி வரிசை

பொறியியல் கலந்தாய்வில், நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையைக் கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் கிடைக்கும் இடத்தைத் தருகிறது. 'கிடைக்கக் கூடியதை மேலே போடு' என்ற பேச்சைக் கேட்டால், அதைவிட நல்ல கல்லூரி கிடைக்க இருந்தும் நழுவிவிடும். உண்மையில் பிடித்ததே முதலில் வரட்டும். தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வேளாண்மை படிக்க நினைப்பவர்களுக்கு வாழவச்சனூரில் அரசு வேளாண்மைக் கல்லூரி உண்டு. இவற்றை மறந்துவிட வேண்டாம். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால், பெயரோடு குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் பாருங்கள். ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

கடைசியாகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன், ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மதிப்பெண் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகும் குறை சொல்லச் சில நாள் அவகாசம் தருவார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான உதவி மையங்களுக்குச் சென்றால் விண்ணப்பிக்க உதவுவார்கள். நடவை ஒரு நாள் தள்ளிப் போடலாம். கல்லூரியில் விட்ட இடத்துக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.