துறைக்கூலி யார் கொடுத்தது?

அமெரிக்காவில் டென்னசி ஆறும் ஹைவாசி ஆறும் கூடும் இடத்தில் 1809 வாக்கில் ஓர் ஓடத்துறையைத் தொடங்கினார் வில்லியம் பிளைத். அவர் மனைவி நான்சி ஃபீல்ட்ஸ் அமெரிக்கத் தொல்குடிகளில் ஒன்றான செரோக்கி இனப் பெண். பாலங்கள் இல்லாத அந்தக் காலத்தில் துறை வைத்திருப்பவர் கையில் எப்போதும் காசு புரளும். ஆளுக்கும் குதிரைக்கும் வண்டிக்கும் தனித்தனிக் கூலி.

இந்தத் தொழிலின் அருமை செரோக்கியருக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய தலைவர் ஜான் ராஸ் 1816இல் அமைத்த துறைதான் பிற்பாடு சாட்டனூகா நகரமாக வளர்ந்தது. அவரோடு முரண்பட்டு நின்ற மேஜர் ரிட்ஜும் ஊஸ்டனாலா ஆற்றங்கரையில் துறை நடத்தியவரே. வில்லும் அம்புமாகக் குதிரையில் திரியும் கூட்டம் என்று சினிமா நமக்குக் காட்டிய படத்தை ஓரமாக வைத்துவிடலாம். சொந்த எழுத்து, 1828 முதல் சொந்தச் செய்தித்தாள், எழுதப்பட்ட அரசியல் சட்டம், தோட்டங்கள், கடைகள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. பணக்காரச் செரோக்கியரிடம் கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள்.

1835 டிசம்பரில் ரிட்ஜும் இன்னும் சிலரும் நியூ எச்சோட்டாவில் அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 50 லட்சம் டாலருக்கு மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். இது செல்லாது என்று 15,000க்கும் அதிகமானோர் மனுவில் கையொப்பமிட்டும் அமெரிக்க செனட் அசையவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது. 1838 மே மாதம் வெளியேறுவதற்கான கெடு முடிந்ததும் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை வீடு வீடாகப் புகுந்து ஆட்களை முகாம்களில் அடைத்தது. அந்தக் கோடையில் கடும் வறட்சி. முதலில் ஆற்று வழியே அனுப்பப்பட்ட குழுக்களில் சாவு கூடியது. இலையுதிர்காலம் வரை பொறுத்தால் பயணத்தைத் தாங்களே நடத்திக்கொள்வதாக ராஸ் கேட்டு, ஸ்காட்டின் சம்மதம் பெற்றார். பயணச் செலவு தலைக்கு 65 டாலர் 88 சென்ட் என்று கணக்கு.

அப்படிப் புறப்பட்டவர்களில் ஒன்பது குழுக்கள், ஏறத்தாழ 9,000 பேர், பிளைத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டிகள், குதிரைகள், மூட்டைகள், நோயாளிகள். ஒரு நடைக்கு ஓடம் எத்தனை பேரைக் கொள்ளும்? கரையிலேயே கூடாரமடித்து முறை வரும்வரை கிடந்தார்கள். கடந்து முடிக்க வாரக்கணக்கானது. அக்கரை போனவர்களுக்கு முன்னால் இன்னும் நூற்றுக்கணக்கான மைல்கள் கிடந்தன. ஒஹாயோ ஆற்றில் இன்னொரு துறை, அதைத் தாண்டினால் பனிக்கட்டி மிதக்கும் மிசிசிப்பி. புலப்பெயர்ப்பு முழுவதிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிளைத்தும் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டார்.

ஒஹாயோ துறைக்காரர் வழக்கமான 12 சென்ட்டுக்குப் பதில் ஆளுக்கு ஒரு டாலர் கறந்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தவிர, ஒரு துறைக்காரரின் பேராசையிலேயே கண்ணை வைத்தால் பெரிய கொள்ளை கண்ணுக்குத் தப்பிவிடும். வண்டி வாடகை, தீனி, சாலைச் சுங்கம், துறைக்கூலி என்று துரத்தியடித்த செலவில் பெரும்பங்கை அரசு அந்த 50 லட்சம் நிதியிலிருந்தே கழித்துக்கொண்டது. வெளியேற மறுத்தவர்களின் தலையிலேயே வெளியேற்றும் செலவு விழுந்தது.

பிளைத் துறையில் ஓடம் 1994 வரை ஓடியது. பிறகு பாலம் வந்தது. இப்போது அங்கே நினைவுப் பூங்கா. 1835 கணக்கெடுப்பில் பதிவான 2,535 குடும்பத் தலைவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பு 1,592 அடிமைகளை வெறும் எண்ணாகத்தான் குறித்தது, பெயர் எழுதவில்லை. அவர்களும் நடந்தவர்கள்தான்.

செலவுக் கணக்கைச் செரோக்கியர் விடவில்லை. வழக்காடி வழக்காடி, 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். புலப்பெயர்ப்புக்கென்று கழித்த 11 லட்சத்துச் சொச்சம் டாலரை 1838லிருந்து வட்டி போட்டுத் திருப்பிக் கொடுக்கத் தீர்ப்பானது. பங்கு பெறத் தகுதியானவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று பட்டியல் தயாரானது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கே துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.