கரை சேர்ந்த எஞ்சினுக்கு நன்னீர்

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கண்ணாடியிழைப் படகுகளின் பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து எஞ்சின், அதாவது அவுட்போர்டு என்று கடற்கரையில் அறியப்படும் எஞ்சின், தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடல்நீரையே நம்பியிருக்கிறது. காருக்கு இருப்பதுபோன்ற ரேடியேட்டரோ அதற்குள் சுற்றிவரும் தனிக் குளிர்நீரோ பொதுவாக இதற்கு இல்லை. நீரில் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியின் பக்கங்களிலுள்ள சல்லடைத் துளைகள் வழியாகப் புகும் கடல்நீரை, இம்பெல்லர் எனப்படும் ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் மேலே தள்ள, அந்நீர் சிலிண்டர்களைச் சூழ்ந்த குறுகிய வழிகளில் ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து மீண்டும் கடலில் கலக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு எஞ்சினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து மெல்லிய தாரையாகப் பீறிடுவது, உள்ளே நீர் ஓடுகிறது என்பதற்குப் படகோட்டிக்குக் கிடைக்கும் அடையாளமாகும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. எஞ்சின் ஓடும்வரை நீரும் ஓடிக்கொண்டேயிருப்பதால் அவ்வுப்பு தங்குவதற்கு இடம் குறைவு. கேடு தொடங்குவது எஞ்சின் நின்ற பிறகுதான். பெரும்பகுதி நீர் வடிந்துவிட்டாலும், மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கிய மிச்சம் எஞ்சினின் சூட்டிலேயே வற்றிப்போக, உப்பளத்துப் பாத்தியில் வெயில் செய்யும் வேலை உலோகத்துக்குள் நடந்து முடிகிறது. அடுத்த பயணத்தில் புகும் நீர் படிந்த உப்பில் ஒரு பகுதியைக் கரைத்துவிடும் என்றாலும், எளிதில் கரையாத கால்சியப் படிவுகள் அடுக்கடுக்காக ஏறி நீர்வழியைச் சுருக்குகின்றன. அதைவிடக் கொடியது அரிப்பு. எஞ்சினின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது; அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்; உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்து, வெளியே தெரியாத குழிகளை உள்ளே தோண்டிவிடுகிறது.

ஆகவே கரையேறிய உடனே, உப்பு காய்ந்து இறுகுவதற்குள், நன்னீரை உள்ளே செலுத்திக் கழுவ வேண்டும். இதில் பலரும் கவனிக்கத் தவறும் உறுப்பு தெர்மோஸ்டாட் ஆகும். எஞ்சின் போதிய சூடு அடையும்வரை நீரோட்டத்தை மட்டுப்படுத்தி வைக்கும் இவ்வடைப்பான், பல எஞ்சின்களில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்தான் திறக்கிறது. எனவே சல்லடைத் துளைகளின்மேல் ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்திக் குழாய்நீர் விடுபவர்களும், தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் எஞ்சினை நிறுத்தி ஓட்டுபவர்களும், கியர் போடாமல் மெதுவான ஓட்டத்தில் சுமார் 10 நிமிடம் விட்டால்தான் நன்னீர் எல்லா வழிகளையும் எட்டும். ஓரிரு நிமிடத்தில் நிறுத்திவிடுவது பாதி வேலையே. நீர் வந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும், எஞ்சினை நிறுத்திய பிறகே நீரை மூட வேண்டும். ஏனெனில் இம்பெல்லரின் ரப்பருக்கு நீரே மசகு, நீரின்றிச் சில நொடிகள் சுழன்றாலும் அது தேய்ந்து கருகத் தொடங்கும். இவ்வாறு ஓட்டுவது திறந்த வெளியில் மட்டுமே நடக்க வேண்டும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கழுவுவதற்கென்றே தனி இணைப்பு கொண்ட புதிய எஞ்சின்கள் பலவற்றில் எஞ்சினை ஓட்டாமலே நீர் செலுத்தலாம்; தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையே அங்கு இறுதியானது. எம்முறையானாலும் பின்னர் எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி நீர் முழுவதும் வடிய விட வேண்டும்.

குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் கடலோர ஊரில் இவ்வளவு நன்னீருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. குடிக்கத் தகாத சற்றே உவர்ப்பான கிணற்றுநீரும் கடல்நீரைவிட உப்பு மிகக் குறைந்தது என்பதால், எதுவும் செய்யாமல் விடுவதைவிட அதைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். மழைநீரைச் சேமித்து வைத்தால் இன்னும் நன்று. ஆனால் ஒரே டிரம் நீரை நாள்கணக்கில் பயன்படுத்தினால், எஞ்சின் விட்டுச்சென்ற உப்பு அந்நீரிலேயே கூடிக்கொண்டு போவதோடு புகைவழி வரும் எண்ணெயும் அதில் மிதக்கத் தொடங்கும். அந்நீரைக் கடற்கரை மணலில் கொட்டுவது, வலை வீசும் கடலுக்கே அதை அனுப்புவதாகும்.

நன்னீர்க் கழுவல் ஏற்கெனவே விழுந்த குழிகளை ஆற்றாது, தேய்ந்த இம்பெல்லரைப் புதுப்பிக்காது. பக்கத் தாரை மெலிந்தாலோ, எஞ்சினைக் காக்கத் தான் அரிபடும் துத்தநாகத் துண்டுகள் பாதியாகக் கரைந்துவிட்டாலோ, மெக்கானிக்கிடம் காட்டி மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எனினும் கடனில் வாங்கிய எஞ்சினின் ஆயுளை இவ்வளவு குறைந்த செலவில் நீட்டிக்கும் வேறு பராமரிப்பு இல்லை. ஐஸுக்கும் ஏலத்துக்கும் இடம் ஒதுக்கிக் கட்டப்படும் மீன் இறங்குதளங்களில் எஞ்சின் கழுவ ஒரு நன்னீர்க் குழாயும், எண்ணெய் கலந்த கழிவுநீருக்கு ஒரு தொட்டியும் சேர்த்தே அமைக்கப்பட வேண்டும்.