தியவன்னா ஓயாவுக்கு அருகே இந்தியப் பெயர்கள்

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போனால் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தியவன்னா ஓயாவுக்கு அருகே, நாடாளுமன்றத்துக்கு அண்மையில் இரண்டு நினைவிடங்கள் உண்டு. ஒன்று இலங்கைப் படையினருக்கு. மற்றது இங்கே உயிரிழந்த இந்தியச் சிப்பாய்களுக்கு.

1987 ஜூலை 29இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதி காக்க வந்த இந்தியப் படை, ஒக்ரோபரிலேயே விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1990 மார்ச் 24இல் திருகோணமலையிலிருந்து அதன் கடைசி அணி கப்பலேறியபோது, சுமார் 1,200 பேரை இழந்திருந்தது. அவர்களின் பெயர்கள்தான் அந்த இரண்டாவது நினைவிடத்தின் கல்லில்.

வடக்கில் நினைவு வேறு மாதிரி. யாழ். போதனா வைத்தியசாலையில் 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையின் சூட்டில் மாண்ட நோயாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் அந்தக் கல்லில் இடமில்லை, இருக்கவும் முடியாது. நம் புத்தளக் கரைக்கும் ஒரு கணக்கு உண்டு: படை போன அதே ஆண்டு ஒக்ரோபரில்தான் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள்.

யாழ். பலாலியிலும் இந்தியப் படைக்கு ஒரு நினைவிடம் உண்டு. அந்தப் படையில் ஒருவரைச் சிலையாகப் பார்க்க வேண்டுமென்றால் புதுடில்லிக்குப் போகலாம். 1987 நவம்பர் 25இல் இலங்கையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவருடைய மார்பளவுச் சிலை, 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், அந்த விருது பெற்ற மற்றவர்களின் சிலைகளோடு நிற்கிறது.