இசை அலமாரியில் இல்லாத இசை

ஃபீனிக்ஸ் பே என்றதும் ஜெட்டிதான் நினைவுக்கு வரும். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு அரசுக் கப்பல்கள் புறப்படும் இடம். 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம் என்றாகிவிட்ட போர்ட் பிளேரின் இதே பகுதியில்தான் இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்தமான் பழங்குடிகளின் இசையை ஆராய நினைப்பவர் தேடலை இங்கிருந்து தொடங்குவதே சரி.

அடுத்து நூலகம். நூல்களை அடுக்கும் டியூயி வகைப்பாட்டு முறைப்படி அங்கே இசைக்கு 780 என்ற எண். அந்த அலமாரியில் தியாகராஜரும் பீத்தோவனும் கிடைப்பார்கள். அந்தமான் பாட்டு கிடைக்காது. அது மானுடவியலுக்குள்ளும் மொழியியலுக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது.

மிக முக்கியமான ஆதாரம் தனி நூலே அல்ல. அந்தமானியர் விவகாரங்களைக் கவனித்த ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மேன், 1888-இல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் அந்தமானிய இசை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நூலகப் பட்டியலில் தேடினால் இதழின் பெயர்தான் வரும், கட்டுரையின் பெயர் வராது. பிற்கால நூல்களின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால்தான் அதை எட்ட முடியும். பாடல்களை அவர் மேற்கத்திய சுரக்குறிப்பில் எழுதினார். பழங்குடிகளை ஆள வந்தவரின் காது அது என்பதை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது.

அவருக்கு முன்பே மற்றோர் ஆங்கிலேய அதிகாரியான இ.ஹெச். மேன், ஆட்டத்தின்போது பாடகர் காலால் உதைத்துத் தாளம் போடும் கேடய வடிவ மரப்பலகையை விவரித்திருக்கிறார். மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் அந்தமானியர் பற்றி வெளியிட்ட நூலில் இன்னும் அரிய செய்தி உண்டு: ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தாமே கட்டுவார்கள், ஆட்டத்தில் இன்னொருவர் கட்டிய பாட்டை எவரும் பாட மாட்டார்கள். அப்படியானால் ஒரு மனிதர் இறக்கும்போது எத்தனை பாட்டுகள் போயிருக்கும்! ஆய்வாளர் அவசரப்பட வேண்டிய காரணம் இதுதான்.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'இசை' என்று மட்டும் தேடினால் போதாது. ஆட்டம், சடங்கு, ஒவ்வொரு இனத்தின் பெயர், அந்தப் பெயரின் பழைய எழுத்துமுறைகள் என எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒலிப்பதிவுகளுக்கு வழி வேறு. 2010-இல் மறைந்த போவா சீனியர், கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதர். அவரிடமும் மற்ற கிரேட் அந்தமானியரிடமும் மொழியியலாளர் அன்விதா அப்பி கதைகளையும் பாடல்களையும் பதிவுசெய்தார். 2021-இல் அவை நூலாகவும் வந்தன. அழியும் மொழிகளுக்காக லண்டனில் தொடங்கிய எலார் ஆவணக் காப்பகம் இப்போது பெர்லினில் இயங்குகிறது. அப்பியின் கள ஆவணங்களைத் தேடுபவர் அங்கே போக வேண்டும். இணையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே போகலாம். சில பதிவுகளுக்குத் தனியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பாடியவர்களின் உரிமை அதில் இருப்பதால், அந்தக் கட்டுப்பாடு அவசியமானதே.